ஊசி போட்ட ராவு கால் ஏன் பாரமாகுது: எம்.எஸ் மருந்தும் அதுட பக்கவிளைவும்

எம்.எஸ் எண்டு சொன்னா எங்கட பக்கம் கனபேருக்கு விளங்குறல்ல. வாதமா எண்டு கேப்பாங்க, நரம்புத் தளர்ச்சியா எண்டு கேப்பாங்க. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், உடம்பக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூளையிலயும் முள்ளந்தண்டிலயும் நரம்ப மூடியிருக்கிற மயலின் உறையத் தாக்குற வருத்தம். அத இவ்வளவோட விடுறன், எழுத வந்தது மருந்தப் பத்தித்தான். ஏனெண்டா கல்முனை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருந்து என்னோட போன்ல கதைக்கிற சில பேர் மருந்தத் தொடங்கி கொஞ்ச நாள்ல டொக்டருக்கும் சொல்லாம நிப்பாட்டியிருக்காங்க, கேட்டா எல்லாரும் சொல்றது ஒண்டுதான், மருந்து போட்டா வருத்தம் கூடுதாம்.

அவங்க பொய் சொல்லல்ல. எனக்கும் அப்பிடித்தான் இருந்திச்சு. பனடோல் போட்டா தலையிடி நிக்கும், நிண்டது நமக்குத் தெரியும். எம்.எஸ் மருந்துல அப்பிடி ஒண்டும் தெரியாது. அது இனி வரப்போற அட்டாக்க, அதாவது வருத்தம் திடீரெண்டு கிளம்புறதக் குறைக்கிற மருந்து, வராமப் போன அட்டாக்க ஆரு கண்டது? கண்ணுக்குத் தெரியுறதெல்லாம் காய்ச்சலும் நடுக்கமும் தொடையில சிவப்பும்தான். அப்ப வீட்டாக்கள் விடச் சொல்லாம என்ன செய்வாங்க.

எனக்கு முதல் தந்தது இன்டர்ஃபெரோன் பீட்டா, கிழமைக்கு 3 நாள் தோலுக்குக் கீழ போடுற ஊசி. இந்த வகை மருந்து 1993ல அமெரிக்காவில முதல் அனுமதி வாங்கினது, பழைய மருந்து, அதுட குணமெல்லாம் டொக்டர்மாருக்கு நல்லாத் தெரியும். போட்டு கொஞ்ச மணித்தியாலத்தில குளிரும், உடம்பு உளையும், காய்ச்சல் காயும், அனேகமா அடுத்த நாள் விடியும்போது இறங்கிரும். அதாலதான் ராவையில போடச் சொல்றது, வாற கூத்து நித்திரையோட போகட்டும் எண்டு. தொடக்கத்தில டோஸக் குறைச்சுத் தந்து மெல்ல மெல்லக் கூட்டுறதும் இதுக்குத்தான். ஊசிக்கு முன்னுக்கு பனடோல் போட்டா நல்லாக் குறையும், ஆனா எவ்வளவு எண்டு கிளினிக்ல கேட்டுப் போடுங்க, ஈரலையும் பாக்கணும்.

இனித்தான் முக்கியமான விசயம். ஊசி போட்ட ராவு எனக்கு வலக்கால் பாரமாகும், முதல் அட்டாக் வந்த கண்ணு திரும்ப மங்கும். அம்மா பக்கத்தில இருந்து காலப் பிடிச்சி விட்டுக்கொண்டே "மனே, இந்த ஊசிதான் உன்னப் படுக்கையில விழுத்தப் போகுது, விட்டிரு மனே" எண்டு அழுவாங்க. ஆனா நடக்கிறது வேற. உறை கழண்ட நரம்பில உடம்புச் சூடு அரை டிகிரி கூடினாலே செய்தி ஒழுங்காப் போகாது. 1890ல உத்தோஃப் எண்டு ஒரு ஜெர்மன் கண் டொக்டர் இதக் கவனிச்சு எழுதினாரு, இண்டைக்கும் அவர்ட பேராலதான் சொல்றாங்க. பங்குனி சித்திரை வெயில்ல கல்லடிப் பாலத்தால நடந்து வந்தா எனக்குக் கண்ணு மங்கும் எண்டா, அதே வேலையத்தான் ஊசிக் காய்ச்சலும் செய்யுது. சூடு இறங்கினாக் காலும் சரியாகும், புதுசா ஒண்டும் பழுதாகல்ல. உண்மையான அட்டாக் எண்டா காய்ச்சல், கிருமி ஒண்டும் இல்லாம 24 மணித்தியாலத்துக்கு மேல நிக்கணும். இத அம்மாக்கு விளங்கப்படுத்தின பிறகுதான் எங்கட வீட்டில ஊசி போடுற நாள் கொஞ்சம் அமைதியாப் போகத் தொடங்கிச்சு.

அதுக்காக எல்லாக் காய்ச்சலையும் ஊசி தலையில போடாதீங்க!! மாரி மழை தொடங்கினா இஞ்ச டெங்கு. ஊசிக் காய்ச்சல் எண்டு நினைச்சி ரெண்டு நாள், மூண்டு நாள் படுத்துக் கிடக்கிறது ஆபத்து. அடுத்த நாளும் இறங்கல்ல எண்டா எஃப்.பி.சி எண்ட ரத்த அணு எண்ணுற டெஸ்ட் ஒண்டு செய்யுங்க, டெங்கு இல்ல எண்டு தெரியுற வரைக்கும் பனடோலத் தவிர அஸ்பிரின், ஐபூபுரோஃபென் போல ஒண்டும் போட வேணாம்.

தோல் பிரச்சினை சின்னதாத் தெரியும், ஆனா ஆளச் சலிக்க வைக்கிறது அதுதான். தொடையில ரெண்டு ரூவாக் குத்தி அளவில சிவந்து தடிச்சு, தொட்டாச் சூடா இருக்கும், அது மங்க முதல் அடுத்தது போடணும். பிரிட்ஜ்ல இருந்து எடுத்த ஊசிய உடனே போடாம கொஞ்சம் குளிர் போக வச்சிப் போட்டா எரிவு குறையும், மறுகா துணியில சுத்தின ஐஸக் கொஞ்சம் வச்சிப் பிடிக்கணும், ஒரே இடத்தில திரும்பத் திரும்பப் போடாம தொடை, வயிறு, கைப்பின்பக்கம் எண்டு மாத்தணும். மனசு ஒரேயடியா இருண்டு போனா அதையும் சொல்லுங்க. இன்டர்ஃபெரோனுக்கு அந்தப் பக்கவிளைவும் இருக்கு, அது உங்கட பலவீனம் இல்ல.

அட்டாக் நேரம் ஏத்துற ஸ்டெரொய்ட் வேற கதை. மெதில்பிரெட்னிசொலோன் ஒரு நாளைக்கு 1 கிராம் கணக்கில 3 நாளோ 5 நாளோ சலைன்ல ஏத்துவாங்க. வாயில தகரம் சூப்பின மாதிரி ஒரு ருசி, ராவு முழுக்க நித்திரை இல்ல, அடங்காத பசி, முகம் ஊதும். சீனி வருத்தம் இருக்கிறாக்கள் கட்டாயம் முதல்லயே சொல்லணும், சுகர் ஏறிரும்.

இப்ப நான் எடுக்கிறது டைமெதில் ஃபியூமரேட், குளிசை. முதல் 7 நாள் 120 மில்லிகிராம் காலையும் பின்னேரமும், மறுகா 240. போட்டு அரை மணித்தியாலத்தில முகம், கழுத்து, காதெல்லாம் சிவந்து எரியும், ஒரு மணித்தியாலத்துக்குள்ள தானா அடங்கும். பஸ்ல பக்கத்துச் சீட்டில இருந்த காத்தான்குடி ராத்தா ஒராள் பயந்து தண்ணிப் போத்தல் தந்தாங்க, அந்த அன்ப மறக்கமாட்டன். வயித்த வலி, வயித்தால போறதும் இருந்திச்சு. வெறும் வயித்தில மட்டும் போடாதீங்க, கொழுப்பும் புரதமும் உள்ள சாப்பாட்டோட போட்டாத் தாங்கலாம். எனக்குக் கைகுடுத்தது அவிச்ச முட்டையும் எங்கட எருமைத் தயிரும்தான், தயிர் இல்லாத புட்டோட போட்ட நாள்ல வயிறு காட்டிக் குடுத்திரும். முதல் மாசம் தாண்டினா ரெண்டும் குறையும்.

இதெல்லாம் நமக்குத் தெரியுற பக்கவிளைவு, சகிக்கலாம். தெரியாம வாறதுதான் பயம். இந்தக் குளிசை ரத்தத்தில கிருமியோட சண்டை பிடிக்கிற லிம்போசைட் எண்ட வெள்ளை அணுவக் குறைக்கும், 500க்குக் கீழ இறங்கி 6 மாசத்துக்கு மேல நிண்டா மருந்த நிப்பாட்டுறத யோசிப்பாங்க, ஏனெண்டா ஜே.சி எண்டு ஒரு வைரஸ் மூளையில தலைதூக்கலாம். அது அரிது, ஆனா பாரதூரம். சுகமா இருக்கன் எண்டு ரத்த டெஸ்ட்டத் தவற விடக்கூடாது எண்டு நான் இவ்வளவு அழுத்திச் சொல்றது அதாலதான்.

மற்றது, ஒரு மருந்து ஒத்துக்கொள்ளல்ல எண்டா வேற மருந்து இருக்கு, ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு கவனம். ஃபிங்கோலிமோட் முதல் குளிசை போட்டு 6 மணித்தியாலம் நாடித்துடிப்பு பாக்கணும், அதத் திடீரெண்டு நிப்பாட்டினா வருத்தம் முந்தியவிட மோசமாத் திரும்பி வரலாம். டெரிஃப்ளுனோமைட் வயித்துப் பிள்ளைக்குக் கூடாது, நிப்பாட்டியும் 2 வருசம் வரைக்கும் உடம்பில நிக்கும், அதால பிள்ளை பெற யோசிக்கிற பொம்பிளைகள் வெக்கப்படாம வாயத் திறந்து சொல்லிரணும்.

கிளினிக்ல கதைக்கக் கிடைக்கிறது கொஞ்ச நேரம். "ஏலாம இருக்கு டொக்டர்" எண்டா அவருக்கு ஒண்டும் பிடிபடாது. மருந்து போட்ட நேரம், காய்ச்சலோ எரிவோ தொடங்கின நேரம், கால் பழையபடி வந்த நேரம், இத ஒரு கொப்பியில எழுதிக் கொண்டு போங்க. அதப் பாத்தா டோஸக் குறைக்கிறதா, நேரத்த மாத்துறதா, மருந்தையே மாத்துறதா எண்டு அவரால அந்த இடத்திலயே சொல்ல ஏலும்.