பொருளியல் விருப்பப் பாடம்: வாழ்க்கைத் தர ஒப்பீட்டு வினாவுக்கு நான் தயாரான முறை

குடிமைப் பணி முதன்மைத் தேர்வு முடிவு வந்து, நேர்காணலுக்கான இடமும் உறுதியாகிவிட்ட நிம்மதியில், பொருளியலில் பலரும் மேலோட்டமாகப் படித்துக் கடந்துவிடும் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: ஒரு வட்டாரப் பொருளாதாரக் கூட்டமைப்போடு வணிகம் செய்யும் நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிடுவது.

நான் பயின்ற பயிற்சி மையம் தந்த குறிப்புகளில், ஐரோப்பிய ஒன்றியத்தின் வணிகக் கூட்டாளி நாடுகள் ஒரு நீண்ட பட்டியலாக இருந்தன. அதை மனப்பாடம் செய்து எழுதினால், ஒப்பந்தம் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு மக்கள் வளமாக வாழ்கிறார்கள் என்ற பக்கம் விடை தானாகச் சாய்ந்துவிடும். அதனால் பட்டியலை மூடிவைத்துவிட்டு, நாடுகளை இரண்டிரண்டாக நிறுத்திப் படித்தேன். என் மதிப்பெண்ணைத் தீர்மானித்தது இந்த ஒரு உத்திதான் என்று இப்போதும் நம்புகிறேன்.

முதல் இணை நார்வேயும் சுவிட்சர்லாந்தும். நார்வே 1994 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி என்ற ஒப்பந்தத்தின் வழியாக, பொருளும் ஆட்களும் முதலீடும் தடையின்றிப் புழங்கும் ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது. சுவிட்சர்லாந்தோ 1992 டிசம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் அந்த ஏற்பாட்டை நிராகரித்து, துறைவாரியான இருதரப்பு ஒப்பந்தங்களைச் சார்ந்திருக்கிறது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து 0 முதல் 1 வரை அளக்கும் மனித மேம்பாட்டுக் குறியீட்டில், 2023ஆம் ஆண்டுக்கு இரண்டுக்குமே 0.970. இரண்டாவது இணை வங்கதேசமும் இந்தியாவும். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு ஒன்றியம் 2001இல் அளித்த, ஆயுதங்கள் தவிர அனைத்துக்குமான வரிவிலக்கு வங்கதேசத்துக்குக் கிடைத்தது. அதன் ஆயத்த ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழப் பாதி அங்கேதான் செல்கிறது. இந்தியாவுக்கு அந்த விலக்கு கிடையாது. ஆயினும் அதே ஆண்டில் இரு நாடுகளுக்கும் 0.685.

இதோடு விடையை முடிப்பது பாதிக் கிணறு தாண்டுவது போலாகும், ஏனெனில் சமமான குறியீடு சமமான வாழ்க்கையைக் குறிப்பதில்லை. குறியீட்டில் தலா வருமானத்துக்கு 75,000 டாலர் என்ற உச்சவரம்பு உண்டு. நார்வே, சுவிட்சர்லாந்து இரண்டுமே அதைத் தாண்டிவிட்டதால், எண்ணெய், எரிவாயு வளத்தால் நார்வேக்குக் கிடைக்கும் கூடுதல் வருமானம் கணக்கில் வராமலே போகிறது. மறுபுறம், வங்கதேசத்தின் தலா வருமானம் இந்தியாவைவிடக் குறைவு, ஆயுள் எதிர்பார்ப்போ கூடுதல். ஒன்றின் குறையை மற்றொன்று எப்படி நிரப்புகிறது என்பதை எழுதும் இடத்தில்தான், 2010 முதல் குறியீட்டில் பெருக்குச் சராசரி (மூன்று கூறுகளையும் கூட்டி வகுக்காமல், பெருக்கிக் கனமூலம் காண்பது) பயன்படுத்தப்படுவதையும் சொல்ல வேண்டும்.

எழுதும்போது நான் தவறாமல் கடைப்பிடித்தவை:

- எந்த வருமானம், எந்த விலையில் என்று முதலில் எழுதிவிட்டுத்தான் எண்ணை எழுத வேண்டும். துருக்கி 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது; அதன் நாணயமான லிராவின் சரிவுக்குப் பின் அந்நாட்டுத் தலா வருமானத்தைச் சந்தை மாற்று விகிதத்தில் எழுதுவதற்கும், உள்நாட்டு விலைவாசியைக் கணக்கில் கொள்ளும் வாங்கும் திறன் சமநிலையில் எழுதுவதற்கும் இடையே இரு வேறு நாடுகளைப் பற்றி எழுதும் அளவுக்கு வேறுபாடு உண்டு.
- இலங்கையை விட்டுவிடக் கூடாது. ஒன்றியம் வளரும் நாடுகளுக்கு நிபந்தனைகளோடு தரும் ஜிஎஸ்பி பிளஸ் என்ற வரிச் சலுகையை 2010இல் இழந்து 2017இல் மீண்டும் பெற்ற நாடு அது. 2022இல் அங்கு வாழ்க்கையைக் குலைத்தது வரிச் சலுகை இழப்பன்று, அந்நியச் செலாவணி வறட்சி.
- வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி கெழுவுக்கு ஒரு வரி போதும்.

எண்கள் எனக்கு எளிதில் மனத்தில் தங்கும் என்பதால் இந்த வழி ஒத்துவந்தது. எண்கள் தங்காதவர்கள் ஒரே ஓர் இணையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்; என்னைக் கேட்டால் வங்கதேசம்–இந்தியா இணையைத்தான் சொல்வேன், ஏனெனில் அதே தரவைப் பொதுப் பாடத் தாளிலும் கட்டுரைத் தாளிலும் பயன்படுத்த முடியும்.