புளி போட்டுத் தேய்த்த காசு

கும்பகோணத்தில் தாத்தா பாத்திரக்கடை வைத்திருந்தார். பழைய செம்பு, பித்தளையை எடைக்கு எடுத்துக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுக்கும் கடை. வயல் உழும்போதும் வாய்க்கால் தூர் வாரும்போதும் கிடைத்த செப்புக்காசுகளைச் சிலர் துணியில் முடிந்து கொண்டுவந்து தராசில் கொட்டுவார்களாம். காசு என்ற மதிப்பெல்லாம் கிடையாது, செம்புக்கு என்ன விலையோ அதுதான். பெரும்பாலானவை உருக்கப் போய்விட்டன. ஏனோ சிலவற்றை மட்டும் தாத்தா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அவர் போய்ப் பல வருடம் கழித்துக் கடையைக் காலி செய்தபோது அந்த டின் என்னிடம் வந்தது. ஒன்றே முக்கால் கிலோ. 386 தனிக்காசுகள், அது போக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பச்சைக் கருப்பட்டி போலக் கிடந்த ஒரு கட்டி.

பாத்திரக்கடை வீட்டில் பிறந்தவனுக்குச் செம்பைக் கண்டால் கை தானாகப் புளியைத் தேடும். அன்று ராத்திரியே ஐந்து காசுகளை எடுத்துப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். பத்தே நிமிடத்தில் எல்லாம் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தன. ஒன்றில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. பெருமை தாங்கவில்லை. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன்.

நாணயம் சேர்க்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். அந்த ஐந்தையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவர் லென்ஸைக்கூட எடுக்கவில்லை.

“புளியா தம்பி, எலுமிச்சம்பழமா?”

“புளி ஐயா. கொஞ்சம் உப்பும்.”

“உப்பு வேறயா” என்று சொல்லிவிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னார்.

காபி குடித்தபடி அவர் விளக்கியது இதுதான். மண்ணில் பல நூறு வருடம் கிடந்த காசில் மேல்தோல் செம்பாகவே இருக்காது. பச்சையாகவோ கருஞ்சிவப்பாகவோ ஒரு படலமாக மாறியிருக்கும். எழுத்தின் மேடுபள்ளம் பல காசுகளில் அந்தப் படலத்தில்தான் நிற்கும். புளி அதைக் கரைத்தால் எழுத்தும் கூடவே போய்விடும். செம்போடு கூடப் பிறந்த களிம்பு என்று சைவ சித்தாந்தம், உயிரோடு ஒட்டியிருக்கும் ஆணவ மலம் என்ற அழுக்குக்கு உவமை சொல்லுமே, அதே களிம்புதான். அங்கே அது நீங்கினால் நல்லது. காசுக்கு நீங்கக் கூடாது. அவரே சித்தாந்த வகுப்புக்குப் போகிறவர் என்பதால் இதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

நின்ற ஆள் இருந்த காசைத் திருப்பிக் காட்டினார். மறுபக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். அவன் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ரா / ஜ ரா / ஜ’ என்று மூன்று வரி இருக்க வேண்டும். முதலாம் ராஜராஜன் (985–1014) வெளியிட்ட செப்புக்காசு. சேகரிப்பாளர்கள் இதை ‘சிலோன் மேன்’ வகை என்பார்கள். ராஜராஜன் இலங்கையின் வடபகுதியைப் பிடித்த பிறகு அங்கேயும் இந்தக் காசு ஓடியது. சோழர் ஆட்சி அங்கே முடிந்த பிறகும் பொலன்னறுவை மன்னர்கள் இதே நின்ற ஆள், உட்கார்ந்த ஆள் அமைப்பை விடவில்லை. பராக்கிரமபாகு, லீலாவதி, சாகசமல்லன் எல்லோருடைய காசும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். யாருடையது என்று அடித்துச் சொல்ல அந்த எழுத்துதான் வேண்டும். என் காசில் எழுத்து இருந்த இடம் வழவழவென்றிருந்தது.

“ராஜராஜனாத்தான் இருக்கணும். ஆனா அப்படின்னு எழுதி வைக்க முடியாது” என்றார்.

வீட்டுக்கு வந்து மீதிக் காசுகளை ஒரு மாதம் தொடவே இல்லை.

அப்புறம் அவர் சொன்னபடி ஆரம்பித்தேன். முதலில் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருக்கும், ஆகாது. பெட்ரோல் பங்க்கிலும் பேட்டரிக் கடையிலும் விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஐந்து லிட்டர் கேன் வாங்கினேன். பீங்கான் கிண்ணத்தில் காசுகளைப் போட்டு, இரண்டு நாளுக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றினேன். மண் இளக இளகப் பழைய பல் பிரஷ்ஷின் நுனியால் மெல்லத் தட்டுவேன். இடுக்கில் இருப்பதை எடுக்க ஊசி கூடாது, கோடு விழுந்துவிடும். வேலிக்கருவை முள்ளும் மூங்கில் குச்சியும் போதும். ஒரு காசுக்கு ஒரு வாரம் ஆனதும் உண்டு, ஒரு மாதம் ஆனதும் உண்டு. அந்தக் கட்டி முழுசாகப் பிரிய ஏழு மாதம் ஆனது. என் மனைவி அடுக்களையில் ஒரு அலமாரித் தட்டை எனக்கு எழுதியே கொடுத்துவிட்டாள்.

நடுவில் ஒரு பயம். நான்கு காசுகளில் வெளிர்பச்சையாக, விபூதி மாதிரித் தூள் பூத்தது. துடைத்தால் மறுபடி பூக்கும், அடியில் குழி விழும். செம்புக்குள் தங்கிவிட்ட குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிப்பதால் வருவது. நாங்கள் இருப்பது சென்னையில், கடற்காற்று வேறு. ஆப்ப சோடாவும் சலவை சோடாவும் கலந்த கரைசலில் வாரக்கணக்காக ஊறவைத்து, மறுபடி டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, நன்றாகக் காயவைத்ததில் மூன்று தப்பின. ஒன்று பொரிந்து உதிர்ந்தது. இப்படிப் பூத்த காசை உடனே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். பிவிசி பிளாஸ்டிக் உறையிலும் போடக் கூடாது. நாளாக ஆக அந்த பிளாஸ்டிக்கும் செம்பைக் கெடுக்கும். நான் காகித உறையில்தான் போட்டு வைக்கிறேன்.

எழுத்தைப் படிப்பது தனிக் கலை. நேரே விளக்கைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச்சைக் காசின் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒரு கோணத்தில் ‘ஜ’ நிழலாக எழுந்து நிற்கும். முதல் ‘ஸ்ரீ’ தெரிந்த ராத்திரி மணி ஒன்றரை. யாரை எழுப்பிச் சொல்வது? 1980களில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு சிறு செப்புக்காசில் தமிழ்-பிராமி என்ற பழந்தமிழ் எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பாண்டியன் பெயரைப் படித்த செய்தியை அந்த வாரம்தான் தெரிந்துகொண்டிருந்தேன். அந்தக் காசு மட்டும் என் மாதிரி ஆள் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

சரி, டின்னில் என்னதான் இருந்தது? பாதிக்கு மேல் விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் காலத்துக் காலணாவும் தம்பிடியும். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் 20 காசு நாணயங்கள் சில, 1808 தேதியிட்டவை. இங்கிலாந்தில் அச்சடித்துச் சென்னை ராஜதானிக்கு அனுப்பப்பட்டவை. அதே வருடத்துக் காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 தொடக்கத்தில் இங்கிலாந்துக் கரையிலேயே மூழ்கிவிட்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் VOC முத்திரைக் காசுகள், தரங்கம்பாடியில் ஓடிய டென்மார்க் அரசரின் கிரீட முத்திரைக் காசு மூன்று, ‘புதுச்சேரி’ என்று தமிழிலேயே எழுதிய பிரெஞ்சுக் காசு ஒன்று. ராஜராஜன் என்று எழுத்தோடு உறுதியானவை பதினொன்று. கட்டியின் நடுவில் இருந்து வந்த ஒரு காசில் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே தமிழில் ‘சேது’. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டது. அது எப்படிக் கும்பகோணத்துத் தராசுக்கு வந்தது என்று தாத்தாவிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

படம் போட்டதால் வந்த வினையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்துக்குள் மூன்று பேர் போனில் பேசினார்கள். ஒருவர், அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்று சொல்லி ஏமாற்றி விற்கிறார்களே, அந்த ‘ரைஸ் புல்லிங்’ செம்பு இருக்கிறதா, அரிசியை இழுக்கிறதா என்று விசாரித்தார். இன்னொருவர் ஒவ்வொன்றும் இரண்டு லட்சம் போகும், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள் என்றார். பழைய காசுக்குக் கட்டணம் கேட்கும் இந்த மாதிரி ஆட்களிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. எங்கள் சித்தப்பாவுக்கு அது தெரியாமல் போனதில் எட்டாயிரம் ரூபாய் நஷ்டம். உண்மையில் தேய்ந்த ராஜராஜன் செப்புக்காசு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும்.

சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகன் ஒன்று கேட்டான். கொடுக்க முடியாது. நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972ஆம் வருடத்துச் சட்டப்படி தொல்பொருள், தனியாள் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. மண்ணுக்குள்ளிருந்து புதிதாகக் கிடைத்தால் அது வேறு கதை. 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்னும் மாறவில்லை.

போன மாதம் பட்டியல் எழுதி முடித்தேன். ஒவ்வொரு உறையிலும் எடை, விட்டம், படித்த எழுத்து என்று மூன்று வரி. அந்தப் பளபளக்கும் காசுக்கு எடை 3.6 கிராம், விட்டம் 19 மில்லிமீட்டர். மூன்றாவது வரியில் ‘புளி’ என்று எழுதியிருக்கிறேன்.