தாசில்தாரில் இருக்கும் 'தார்'

கிருஷ்ணகிரியில் வளர்ந்த எனக்குப் பாரசீகம் முதலில் தாலுகா அலுவலகத்தின் மொழியாகத்தான் காதில் விழுந்தது. அது பாரசீகம் என்று அப்போது தெரியாது. ஜமாபந்தி நாளில் மனுவோடு வரிசையில் நின்ற தாத்தாவின் வேட்டியைப் பற்றிக்கொண்டு நான் கேட்ட தாசில்தார், தஸ்தாவேஜு, ரசீது, சிபாரிசு என்னும் சொற்கள் எல்லாவற்றிலும் ஒரு விறைப்பு இருந்தது. நாற்பது வயதைக் கடந்தபின் பாரசீகம் கற்கத் தொடங்கியபோது, அதே சொற்கள் தம் சொந்த வீட்டில் எவ்வளவு கனிவாகப் பேசுகின்றன என்பதைக் கண்டு நெகிழ்ந்துபோனேன்.

அந்தச் சொற்கள் இங்கு வந்த வழி நேரானது. பாராமகால் எனப்பட்ட நம் பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது. திப்பு சுல்தானின் கடிதங்களும் ஆணைகளும் பெருமளவு பாரசீகத்தில் எழுதப்பட்டன. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபோது, நிலவரியை ஒழுங்குபடுத்த வந்த அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த வரிச் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி ஆட்சியில் பாரசீகம் அலுவல் மொழி என்ற இடத்தை 1837இல் இழந்தது. சொற்கள் மட்டும் நம் தாலுகா அலுவலகங்களிலேயே தங்கிவிட்டன.

எனக்குப் பாரசீகம் சொல்லிக்கொடுத்தவர் பெங்களூரில் என்னோடு பணிபுரிந்த, ஈரானின் ஷீராஸ் நகரத்துப் பெண். மூன்றாவது பாடத்திலோ நான்காவதிலோ அவர் 'தூஸ்தத் தாரம்' என்று எழுதிக் காட்டினார். 'உன்னை நேசிக்கிறேன்' என்பது பொருள்; சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'உன்னை நட்பாகக் கொண்டிருக்கிறேன்' என்று வரும். அதில் உள்ள 'தார்' வைத்திருத்தலைக் குறிக்கும் வினையின் அடி. தாசில்தாரில் இருப்பதும் அதே 'தார்'தான். வசூலைக் கையில் வைத்திருப்பவரும் அன்பை நெஞ்சில் வைத்திருப்பவரும் ஒரே வினையால் சுட்டப்படுகிறார்கள் என்று தெரிந்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதன்பின் தேடித் தேடிப் பார்த்தேன். தஸ்தாவேஜில் உள்ள 'தஸ்த்' என்பது கை. ஈரானில் ஒருவர் தேநீர் கொண்டுவந்து வைத்தால் 'தஸ்தெத் தர்த் நகோனே' என்பார்கள். உன் கை வலிக்காதிருக்கட்டும் என்று பொருள். அதற்கு மறுமொழியாக 'உன் தலை வலிக்காதிருக்கட்டும்' என்று சொல்வதும் உண்டு. வேலையில் இருப்பவரைக் கடந்து போகும்போது 'கஸ்தே நபாஷீத்', அதாவது 'களைப்படையாதிருங்கள்' என்று வாழ்த்துகிறார்கள். நாம் கம்மி என்று சொல்வதில் உள்ள 'கம்' அங்கே இரட்டித்து 'கம் கம்' என்றாகி, சிறிது சிறிதாக, மெல்ல மெல்ல என்று ஆறுதல் சொல்கிறது. என் ஆசிரியை என்னிடம் மிகுதியாகச் சொன்ன சொல் அதுதான். நாம் வீட்டைக் காலி செய்யப் பயன்படுத்தும் சொல்லை அவர்கள் 'ஜாத் காலி' என்று பிரிவுக்குப் பயன்படுத்துகிறார்கள்: நீ இல்லாமல் விருந்து நடந்தது, உன் இடம் காலியாக இருந்தது.

ஒரு முறை அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். போதும் போதும் என்று அவர் சொல்லச் சொல்ல அம்மா தோசை வைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அது சிறிதும் விசித்திரமாகப் படவில்லை. வற்புறுத்துவதும் மறுப்பதும் மீண்டும் வற்புறுத்துவதுமான இந்த உபசாரத்துக்கு ஈரானில் 'தாரோஃப்' என்று பெயர். அங்கே கடைக்காரர்கூட விலை கேட்டதும் 'உங்களுக்கு முன் இது ஒரு பொருட்டா' என்று முதலில் மறுப்பார், வாங்குபவர் வற்புறுத்தித்தான் பணம் கொடுக்க வேண்டும். சாப்பாடு முடிந்தபின் என் பாட்டி அச்சுவெல்லத்தைப் பல்லிடுக்கில் வைத்து வரக்காப்பி குடிப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கற்கண்டு போன்ற சர்க்கரைக் கட்டியை அப்படித்தான் வாயில் வைத்துக்கொண்டு அவருடைய பாட்டியும் தேநீர் குடிப்பாராம்.

மொழியில் என்னை மிகவும் வாட்டியது 'ஊ' என்ற ஓரசைச் சொல். அவனும் அவள்தான், அவளும் அவன்தான். பாரசீக இலக்கணத்தில் பால் வேறுபாடே கிடையாது. 14ஆம் நூற்றாண்டின் ஷீராஸ் கவிஞர் ஹாஃபிஸின் கஜல்களில் ஏங்கப்படுபவர் காதலியா, நண்பனா, இறைவனா என்பது அந்த ஒரே சொல்லுக்குள் மூடியிருக்கிறது. தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நான் முடிவுசெய்தாக வேண்டும். 'அவர்' என்று போட்டால் மரியாதை வந்து நெருக்கம் போய்விடுகிறது. எழுவாயையே விட்டுவிட்டாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆறு மாதமாக ஒரே ஈரடியோடு போராடிக்கொண்டிருக்கிறேன், அதை விட மனம் வரவில்லை.

என் ஆசிரியை ஊர் திரும்பி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மார்ச் 20 அல்லது 21இல், இரவும் பகலும் சமமாகும் நேரத்தில், ஈரானியர்களின் புத்தாண்டான நவ்ரூஸ் பிறக்கிறது. பாரசீக 'சீன்' எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள்களைப் பரப்பி வைக்கிறார்கள். பூண்டு, ஆப்பிள், காடி என்று போகும் அந்த வரிசையில் தட்டில் முளைக்கவைத்த கோதுமையும் உண்டு. பதின்மூன்றாம் நாள் குடும்பத்தோடு வெளியே போய், அந்த முளைப்பயிரை ஓடும் நீரில் விடுவார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டுப் பழகிய அம்மாவுக்கு இதை விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஆண்டு அம்மாவே கோதுமையை ஊறவைத்து முளைக்கவைத்தார். பதின்மூன்றாம் நாள் கே.ஆர்.பி. அணைக்குக் கீழே தென்பெண்ணையில் அதை விட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் படம் எடுத்து, அதன் கீழே 'ஜாத் காலி' என்று எழுதி ஷீராஸுக்கு அனுப்பினேன்.