அம்மாவின் இரத்தம் உறையக் காத்திருந்த இரவு

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில், பொழுது சாயும் நேரத்தில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன என் தாயாரை, போரடியில் கிடந்த கண்ணாடி விரியன் வலது கணுக்காலுக்குக் கீழே கடித்தது. குக்கர் ஆவி விடுவதுபோல் அது சீறியதையும், முதுகில் சங்கிலி கோத்ததுபோல் வட்டங்கள் இருந்ததையும் தம்பி டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டான். ஆகவே எந்தப் பாம்பு என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பதறிப்போய்த் துண்டை முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். விரியன் விஷம் சதையை அழிக்கக்கூடியது. இறுக்கிக் கட்டினால் அது ஒரே இடத்தில் தேங்கிக் காலைக் கெடுத்துவிடும் என்பதைப் பின்னால்தான் அறிந்தோம். காலை அசையாமல் வைத்து 108-ஐ அழைத்திருந்தாலே போதும். இதைவிட என்னை இன்றும் வருத்துவது, வழியிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் தடுப்பூசி ஒன்றைப் போட்டுவிட்டு, வீக்கம் ஏறுகிறதா பார்க்கலாம் என்று முக்கால் மணி நேரம் எங்களை உட்கார வைத்ததுதான்.

அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததும் செவிலியர் 2 மில்லி இரத்தம் எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, பிளாஸ்திரித் துண்டில் நேரத்தை எழுதி அதில் ஒட்டி, யாரும் தொடக் கூடாது என்று சொல்லி மேசையோரத்தில் நிறுத்தினார். 20 நிமிடம் கழித்து அவர் குழாயைச் சாய்த்தபோது, கட்டியாகி நின்றிருக்க வேண்டிய இரத்தம் தண்ணீர்போல் ஓடியது. இரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களையெல்லாம் இந்த விஷம் வீணாகச் செலவழிக்கச் செய்து தீர்த்துவிடுவதால், பிறகு ஈறிலும் சிறுநீரிலும்கூட இரத்தம் கசியலாம் என்று மருத்துவர் விளக்கினார். இந்தச் சோதனைக்குக் குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டுமாம். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாதாம்.

உடனே 10 குப்பி விஷமுறிவு மருந்து வந்தது. ஒவ்வொன்றிலும் வெண்ணிறப் பொடி. குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால், நீர் விட்ட குப்பிகளைச் செவிலியர் உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கரைத்தார். ஏன் பத்து என்று கேட்டேன். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷம் செலுத்துகிறது. 1 மில்லி மருந்து 0.6 மில்லிகிராமை முறிக்கும். ஆகவே சுமார் 100 மில்லி, அதாவது பத்துக் குப்பி, வேண்டும் என்றார் மருத்துவர். குழந்தைக்கும் இதே அளவுதான், ஆளைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லை என்றும் சொன்னார்.

மருந்து ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் அம்மாவுக்கு உடலெங்கும் அரிப்பும் தடிப்பும் வந்து, மூச்சு இளைத்தது. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் மருந்தாதலால் சிலருக்கு இவ்வாறு ஒவ்வாமை ஏற்படும். மருந்தை நிறுத்தி, தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, தணிந்த பிறகு மெதுவாகத் தொடர்ந்தார்கள். உறைவதற்கான பொருள்களைக் கல்லீரல் மறுபடி உண்டாக்க நேரம் தேவை என்பதால் அடுத்த சோதனை 6 மணி நேரத்துக்குப் பிறகுதான். நள்ளிரவு தாண்டிப் பார்த்தபோதும் இரத்தம் ஓடியது. மேலும் 10 குப்பிகள். விடிந்து காலை எட்டரைக்குக் குழாயைச் சாய்த்தபோது அது அசையவில்லை. "அம்மா, கட்டிருச்சு, பாருங்க" என்று செவிலியர் குழாயை அம்மாவின் கண்ணெதிரே தூக்கிப் பிடித்தார்.

ஆனால் சிறுநீர் குறைந்து முகம் வீங்கியது. சிறுநீரகம் தேறும்வரை மூன்று முறை டயாலிசிஸ் செய்து, பதினாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கின் பெயரும் அந்தக் குப்பியில் இருந்தன. இவற்றின் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தித்தான் அந்த மருந்தைச் செய்கிறார்கள். அந்த விஷம் எங்கிருந்து வருகிறது என்று அறியும் ஆவலில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைக் காண, சென்னைக்குத் தெற்கே உள்ள வடநெம்மேலிக்குப் போனேன். துணி கட்டிய மண்பானைகளில் பாம்புகளைச் சில வாரங்கள் வைத்திருந்து, விஷம் எடுத்த பின் காட்டில் விட்டுவிடுகிறார்கள். ஒரே இனப் பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் வேறுபடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓரிடத்து விஷத்தால் செய்த மருந்து வேறிடத்தில் போதிய பலன் தராமல் போகலாம். ஆகவே எல்லா வட்டாரங்களிலிருந்தும் விஷம் சேகரித்து மருந்து செய்ய வேண்டும் என்பதை, அம்மாவுக்கு இருபது குப்பி ஏற்றியதைப் பார்த்தவன் என்ற முறையில் நான் மனதார வேண்டுகிறேன்.

அம்மாவுக்கு இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்கிறோம். வைக்கோல் போரை வீட்டிலிருந்து தள்ளிக் கொல்லைக் கோடிக்கு மாற்றிவிட்டோம்.