கழற்றித் துவைக்கும் சோபா: மடிப்பாக்கம் வீட்டுக் குறிப்புகள்

அக்டோபர் 12, 2024, சனி

விஜயதசமி. நல்ல நாள், இன்றைக்கே கொடுத்துவிடு என்று அத்தை சொன்னதால் புது சோபாவுக்கு முன்பணம் கட்டியாயிற்று. துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்க்கிற மாடுலர் வகை. கையில்லாத இருக்கைகள், ஒரு மூலைத் துண்டு, கால் நீட்டிக்கொள்ள ஒரு ஒட்டோமன். உறைகளைக் கழற்றித் துவைக்கலாம்.

எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் காட்டுவது ஜிப்பைத்தான். "பாருங்க மேடம், ஃபுல்லா வாஷபிள்." ஜிப் இருப்பதாலேயே துவைக்கலாம் என்று ஆகிவிடாது. எங்கள் பழைய சோபா மெத்தையிலும் ஜிப் இருந்தது. அது உறைக்குள் ஃபோமைத் திணிக்க வசதியாக வைத்தது. உள்தையலில் இருந்த துண்டுச் சீட்டில் தண்ணீர்த் தொட்டி படம் போட்டு அதன்மேல் பெருக்கல் குறி. தண்ணீரில் துவைக்கவே கூடாது என்று அர்த்தம். தொட்டிக்குள் எண் இருந்தால் மெஷினில் போடலாம், 30 என்று இருந்தால் 30 டிகிரிக்கு மேல் சூடு கூடாது. முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் பிளீச் கூடாது. கடையில் சோபா மேல் உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்னால் இந்தச் சீட்டைத் தேடிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது "32 டென்சிட்டி மேடம்" என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ எடை என்பதுதான் அந்தக் கணக்கு. உட்கார்ந்தால் மெத்தென்று இருக்குமா, கல் மாதிரி இருக்குமா என்பதை அந்த எண் சொல்லாது. எத்தனை நாள் குழி விழாமல் தாங்கும் என்பதை ஓரளவு சொல்லும். தினமும் ஆள் உட்காரும் இடத்துக்கு 40 கேட்டேன். முதுகுப் பக்கம் 32 போதும்.

அக்டோபர் 19, சனி

வந்துவிட்டது. பழைய ஏழடி சோபாவை வெளியே அனுப்பும்போது லிஃப்டில் நுழையவில்லை, படித் திருப்பத்திலும் திரும்பவில்லை. கடைசியில் கயிறு கட்டிப் பால்கனி வழியாக இறக்கினார்கள், கீழ் வீட்டுக்காரர் மணி பிளாண்ட் தொட்டிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதுவோ ஆளுக்கொரு துண்டாக லிஃப்டில் ஏறி வந்தது. மாடுலரின் முதல் லாபம் இதுதான். வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு இது ஒன்றே போதும்.

துண்டுகளைக் கோக்க அடியில் பிளாஸ்டிக் கிளிப். இதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 1970-ல் இத்தாலியில் மாரியோ பெல்லினி வடிவமைத்த கமலியோண்டா சோபாவில் கம்பிவடமும் கொக்கியும் வளையமும் வைத்துத்தான் முதுகையும் கையையும் இருக்கையோடு கோத்திருப்பார்கள். அந்த விலையில் நாம் வீட்டுக்கு முன்பணமே கட்டிவிடலாம், அது வேறு விஷயம். ஆனாலும் ஒரு இரும்புப் பட்டையாவது வைத்திருக்கலாம். எங்கள் தரை வழவழப்பான டைல்ஸ். சின்னவன் ஓடி வந்து விழுந்தால் துண்டுகள் ஆளுக்கொரு திசையில் நகர்கின்றன. சோபாக் கால்களின் அடியில் ரப்பர் வட்டம் ஒட்டினோம், இப்போது பரவாயில்லை.

அத்தை உட்கார்ந்து பார்த்தார். எழுந்திருக்க முடியவில்லை. இருக்கை உயரம் 15 அங்குலம்தான். "இது உக்கார்ற சோபாவா, படுக்கிற சோபாவா?" என்று கேட்டார். மூட்டு வலி உள்ளவர்களுக்கு 17, 18 அங்குலம் வேண்டும். சோபாவின் கால்களை மாற்றலாம் என்று கடையில் சொன்னார்கள். பார்க்கலாம்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. விருந்தாளிகள். லேகியம், முறுக்கு, எண்ணெய்த் தலை. எழுத நேரமில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளியின் பாக்கி மூன்று கறை. முதுகுப்பக்கம் தலை எண்ணெய், ஒட்டோமன் மேல் காபி, நடு இருக்கையில் சாம்பார்.

முதலில் கழற்றுகிற வேலை. ஜிப்பில் பிடித்து இழுக்கும் தகடே இல்லை. குழந்தைகள் திறக்கக் கூடாது என்று அப்படி வைப்பார்களாம். ஓடும் பகுதியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அதில் ஊக்கைக் கோத்து இழுத்தால் வருகிறது. அந்த ஊக்கு இப்போது சோபாவின் நிரந்தர உறுப்பினர், அடித்துணியில் குத்தி வைத்திருக்கிறேன். அடிப்பாகத்து உறை வெல்க்ரோவில் ஒட்டியிருக்கிறது. துவைக்கும் முன் வெல்க்ரோவை அதன்மேலேயே மூடி ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மெஷினுக்குள் இருக்கிற நூலையெல்லாம் வாரிக்கொள்ளும்.

எண்ணெய்க் கறைக்குக் கடலை மாவைத் தூவி வைத்து, உதறிவிட்டு, பாத்திரம் துலக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தேன். காபிக்குப் பச்சைத் தண்ணீர். பால் கலந்த கறையில் வெந்நீர் ஊற்றினால் பால் இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டும் போய்விட்டன.

சாம்பாரில்தான் வேடிக்கை. சோப்பு பட்டதும் மஞ்சள் கறை செக்கச்செவேல் என்று ஆனது. அவர் பதறிவிட்டார். அத்தை எட்டிப் பார்த்து, "மஞ்சள்ல சுண்ணாம்பு கலந்தா ஆரத்தி. சோப்புக்கும் அதே குணம்தான், வெயில்ல போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சோப்பு காரம், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சள் நிறம் வெயிலைத் தாங்காது. மொட்டை மாடியில் கறை மேலே தெரியும்படி விரித்துப் போட்டேன். சாயங்காலம் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது.

மற்ற விவரம்: உள்பக்கம் வெளியே திருப்பி, ஜிப்பை மூடி, 30 டிகிரி, பிழியும் சுழற்சி நிமிடத்துக்கு 800. இரண்டு இருக்கை உறை போட்டாலே ஏழு கிலோ டிரம் முக்கால்வாசி நிறைகிறது. அதற்கு மேல் திணித்தால் அலசாது. எங்கள் போர் தண்ணீரில் நுரையே வராது, உறை காய்ந்தால் அப்பளம் போல விறைக்கும். லாரித் தண்ணீர் வந்த நாளில்தான் உறைகளைப் போடுவது என்று வைத்திருக்கிறேன்.

நவம்பர் 4, திங்கள்

திரும்பப் போடுவதுதான் பெரிய வேலை. அவர் ஃபோமைப் பாதியாக மடித்துப் பிடித்துக்கொள்ள, நான் மூலையைத் தேடித் திணிக்க, இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது. கடையில் கொடுத்த தாளில், லேசான ஈரத்தோடு போட்டால் துணி இழுத்துக் கொடுக்கும் என்று இருக்கிறது. வறண்ட ஊரில் சரியாக இருக்கலாம். நவம்பர் மாதச் சென்னையில் ஈரத் துணியை ஃபோம் மேல் மாட்டினால் இரண்டாம் நாள் நாறும். ஈரமே இல்லாமல் மொறமொறவென்று காயட்டும், அப்புறம் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

பருத்தி கான்வாஸ் என்றால் முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும். முன்பே சுருக்கித் தைத்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் எடுத்தது பாலியஸ்டர் கலந்தது. சுருங்கவில்லை, சீக்கிரம் காய்கிறது. மே மாதம் தொடையில் ஒட்டும், அது தெரிந்தே எடுத்தோம்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். நேற்று ராத்திரியிலிருந்து விடாத மழை, விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். தரைத்தளத்தில் இருக்கும் நாத்தனார் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். குழந்தையை சோபாவில் படுக்க வைத்தோம். காலையில் பார்த்தால் மூலைத் துண்டு நனைந்திருக்கிறது. மழையில் இல்லை.

உறையைக் கழற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. உறைக்கும் ஃபோமுக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று இருக்கிறது. அது ஃபோம் உதிராமல் இருக்க மட்டுமே, தண்ணீரைத் தடுக்காது. உறை அரை மணி நேரத்தில் சுத்தமாகிவிடும். உள்ளே இறங்கியதை என்ன செய்வது? ஃபோமை மெஷினில் போட முடியாது. குடித்த தண்ணீரை அது லேசில் விடாது. "ஃபுல்லா வாஷபிள்" என்ற அந்தக் கடை ஆளிடம் இதை ஃபோனில் கேட்டேன். "மேடம், கவர்தான் வாஷபிள்னு சொன்னேன்" என்றார். அப்படியா சொன்னார்? சொன்னது "ஃபுல்லா".

துவர்த்துத் துண்டுகளை வைத்து ஏறி மிதித்து ஒற்றி எடுத்தோம். ஆப்ப சோடாவைத் தூவி வைத்திருக்கிறோம். இங்கேதான் மாடுலர் கைகொடுத்தது: நனைந்த துண்டை மட்டும் உள்ளறையில் ஃபேனுக்கு அடியில் நிறுத்தி வைத்துவிட்டு, மற்றவற்றை ஒட்டிப் போட்டு எல்லோரும் உட்கார்ந்துகொண்டோம். பழைய சோபாவாக இருந்தால் கூடமே நாறியிருக்கும்.

கரண்ட் போனதும் ஃபேனும் நின்றது.

டிசம்பர் 4, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. ஃபோமை மாடிக்குத் தூக்கிப் போய், நேர் வெயிலில் வைக்காமல் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், காற்று படும்படி செங்கல் மேல் நிறுத்தினேன். நேர் வெயில் பட்டால் ஃபோம் மஞ்சளாகிப் பொடியாக ஆரம்பிக்கும். வாசனை கிட்டத்தட்டப் போய்விட்டது. மூக்கை ஒட்டி வைத்து மோந்தால் கொஞ்சம் இருக்கிறது. அப்படி மோந்து பார்ப்பது நான் மட்டும்தான்.

அத்தைக்கு இதெல்லாம் புதுமையாகவே தெரியவில்லை. மாமாவின் ஈஸி சேரில் மேலும் கீழும் இரண்டு கம்பை உருவினால் துணி கையோடு வந்துவிடும். கல்லில் அடித்துத் துவைத்து, காய்ந்ததும் கம்பைக் கோத்தால் முடிந்தது. உள்ளே ஊற ஃபோமே கிடையாது. யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல துவைக்கும் இருக்கையை இன்னும் யாரும் செய்யவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

டெய்லர் வந்தார். இரண்டு வேலை கொடுத்தேன்.

ஒன்று, உள்உறை. அத்தை ரப்பர் ஷீட் போடச் சொன்னார், தொட்டில் பிள்ளைக்குப் போடுவதைப் போல. ரப்பர் சூடு, நகர்ந்தால் சத்தமும் போடும். அதனால் கட்டில் மெத்தைக்குப் போடும் வாட்டர்ப்ரூஃப் புரொடெக்டர் துணியில், மேல்பக்கமும் நான்கு ஓரமும் மூடும்படி தைக்கச் சொன்னேன். அடிப்பக்கம் சாதாரணத் துணி, ஃபோம் மூச்சு விட. முழுவதும் மூடினால் உட்காரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் மெத்தை பலூனாக நிற்கும் என்று டெய்லர்தான் சொன்னார்.

இன்னொன்று, மாற்று உறை. கடையில் தனி செட் கேட்டால் சோபா விலையில் கால்வாசி சொல்கிறார்கள், அந்த நிறம் வர இரண்டு மாதமாம். எல்லாத் துண்டுக்கும் மாற்று உறை தேவையில்லை. நாள் முழுக்க ஆள் உட்காரும் இருக்கைகளுக்கும் ஒட்டோமனுக்கும் இருந்தால் போதும். கோடவுன் தெருவில் துணி எடுத்தோம். சோபாத் துணி 54 அங்குல அகலத்தில் வரும். ஒரு இருக்கைக்கு இரண்டு மீட்டர் என்று டெய்லர் கணக்கு. அதே நிறத்தைத் தேடி அலையவில்லை, வேண்டுமென்றே வேறு நிறம், செங்கல் சிவப்பு. ஒரே நிறத்தில் எடுத்தால் துவைத்ததும் துவைக்காததும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெளுப்பைக் காட்டிக்கொடுக்கும். இப்போதே நடு இருக்கை ஒரு சாயல் வெளிறித்தான் இருக்கிறது.

துணிக்கடையில் "மார்ட்டின்டேல் எவ்வளவு?" என்று கேட்டேன். துணியைக் கம்பளியால் தேய்த்துத் தேய்த்து, எத்தனை தேய்ப்பில் நூல் அறுகிறது என்று பார்க்கும் சோதனை அது. வீட்டில் தினமும் புழங்க 25,000-க்கு மேல் இருந்தால் நிம்மதி. கடைப் பையன் சிரித்துவிட்டு, "நகத்தால கீறிப் பாருங்கக்கா" என்றான். கீறினேன். நூல் எழும்பவில்லை. எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 13, 2025, திங்கள்

போகி. எரிக்க ஒன்றுமில்லை, துவைக்கத்தான் இருந்தது. மழை இல்லை, பனிதான். காலை பத்து மணிக்குக் கொடியில் போட்டது மதியம் காய்ந்துவிட்டது. சிவப்பு உறை மாட்டிய இருக்கையில் அவர் அதற்குள் காபியோடு உட்கார்ந்தாயிற்று.

நாளைக்கு ஆள் வருவதால் எல்-வடிவத்தைப் பிரித்து இரண்டு வரிசையாக எதிரெதிரே போட்டோம். ஒட்டோமன் நடுவில், மேலே தாம்பாளம் வைத்தால் டீப்பாய். துண்டுகளைப் பிரித்தபோது நடு இடுக்கில் ஒரு ரிமோட், சில்லறை, ஒரு கம்மல் திருகு. கிளிப்பில் ஒன்று உடைந்திருந்தது. எதிர்பார்த்ததுதான். தச்சர் இரும்புப் பட்டை அடித்துத் தருகிறேன் என்கிறார்.

காலும் அவர்தான் மாற்றப் போகிறார். மூன்று அங்குலம் உயர்த்தினால் இருக்கை 18-க்கு வந்துவிடும். அத்தையை உட்கார வைத்து எழுந்திருக்கச் சொல்லி அளவு பார்த்தார். எல்லாத் துண்டையும் உயர்த்த வேண்டாம், அத்தை உட்காரும் துண்டு ஒன்று போதும் என்று நான் சொன்னேன். "ஒண்ணு மட்டும் உயரமா நின்னா பக்கத்துத் துண்டோட பட்டை சேராதும்மா" என்றார். அதுவும் சரி. எல்லாவற்றுக்கும் மாற்றச் சொல்லிவிட்டேன். மூலைத் துண்டுக்கு நடுவில் ஐந்தாவது கால் ஒன்று கூடுதலாக வேண்டுமாம். மாட்டுப்பொங்கல் கழித்து வருகிறார்.