கப் மேட்ச் பார்க்க கப்பல் ஏறின கதை

வட அட்லாண்டிக் கடல்ல இருக்குற ஃபேரோ தீவுகளுக்குப் போறவங்க அருவி, பஃபின் பறவை, புல்லு மொளைச்ச கூரைன்னு போட்டோ எடுத்துட்டு வருவாங்க. நான் போனது ஃபுட்பால் கப் மேட்ச் பார்க்க. அதுவும் ஃபைனல் கூட இல்ல, வசந்த காலத்துல நடக்குற ஆரம்ப ரவுண்டு. ஆபீஸ்ல சொன்னப்ப "உனக்கு வேற வேலையே இல்லையாப்பா"ன்னாங்க. என்னைக் கேட்டா சின்ன நாட்டு கப்போட ருசியே அங்க தான் இருக்கு, ஃபைனல்னா உலகத்துல எங்க போனாலும் ஒரே மாதிரி தான், கொடி, பேண்டு வாத்தியம், கோட்டு போட்ட பெரிய மனுஷங்க, அவ்ளோதான்.

முதல்ல விசா. ஃபேரோ டென்மார்க் ராஜ்யத்துக்குள்ள இருந்தாலும் ஷெங்கன்ல (ஒரே விசாவுல பல ஐரோப்பிய நாடு சுத்துற ஏற்பாடு) கிடையாது, அதனால உங்க விசாவுல ஃபேரோவுக்கும் செல்லும்னு தனியா எழுதி இருக்கணும், இதை கவனிக்காம டிக்கெட் போட்டுடாதீங்க. கோபன்ஹேகன்ல இருந்து ஃப்ளைட் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல.

மொத்த ஜனமே 54,000 சொச்சம் தான், தீவு 18. இதுல லீக், கப் ரெண்டும் வருஷா வருஷம் ஒழுங்கா நடக்குது. 1988ல ஃபிஃபால சேர்ந்தாங்க, 1990ல யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) தகுதிச்சுற்றுல முதல் மேட்ச்லயே ஆஸ்திரியாவை 1-0ன்னு கவுத்தாங்க, அந்த மேட்ச்சைக் கூட ஸ்வீடன்ல போய் தான் ஆடினாங்க ஏன்னா ஊர்ல புல்தரை கிரவுண்டே இல்ல. கோல் போட்டவர் மரக்கடை சேல்ஸ்மேன், கோல்கீப்பர் தலையில குஞ்சம் வச்ச கம்பளிக் குல்லா. சரி அது பழைய கதை, விட்டா அதையே பேசிட்டிருப்பேன்.

கப்புக்கு வருவோம். 1955ல ஆரம்பிச்சது, பிரதமர் பேர்ல உள்ள கப். தலைநகர் டோர்ஷவ்ன் டீம் ஹெச்பி தான் ரொம்ப தடவை ஜெயிச்சிருக்கு. ஆனா கப் ஆரம்பிச்ச அடுத்த வருஷமே, 1956ல, கப்பைத் தூக்கிட்டுப் போனது தெற்குக் கோடி தீவு சுதுரோய்ல இருக்குற டிபி. 1892ல ஆரம்பிச்ச கிளப், நாட்டுலயே பழசு. கடைசியா கப் ஜெயிச்சது 1977ல. இப்ப மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் ஏறி இறங்கிட்டு இருக்காங்க. நான் போனது அவங்க ஊரு ட்வோரோய்ரிக்கு, தலைநகர் டீம் ஒண்ணு அங்க ஆட வருதுன்னு.

இங்க தான் விஷயமே. மத்த பெரிய தீவுக்கெல்லாம் கடலுக்கடியில டனல் போட்டாச்சு, 2020ல திறந்த ஒரு டனல்ல கடலுக்கு அடியிலயே ரவுண்டானா வச்சிருக்காங்க, கார்ல ஏறினா அரை மணி ஒரு மணியில மேட்ச்சுக்குப் போயிடலாம். சுதுரோய்க்கு மட்டும் இன்னும் டனல் வரல, பேச்சு ஓடிட்டே இருக்கு. ஸ்மீரில்னு ஒரு ஃபெர்ரி, ரெண்டு மணி நேரம், அதை விட்டா அன்னிக்கு ஊர் போய்ச் சேர முடியாது. அதனால விருந்தாளி டீம், கோச், ரெஃப்ரி, ஆதரவாளர்கள், நான், எல்லாரும் ஒரே கப்பல். நம்ம ஊர் கடைசி பஸ் மாதிரி தான்னு வச்சுக்கோங்க. கேண்டீன்ல எனக்கு முன்னாடி ட்ராக்சூட் போட்ட ஒரு பையன் ஹாட் டாக் வாங்கிட்டு நிக்கிறான், அந்தப் பக்கம் ரெஃப்ரி பேப்பர் படிக்கிறார், ஒருத்தரை ஒருத்தர் பார்த்து தலையாட்டிக்கிறாங்க, இன்னும் மூணு மணி நேரத்துல இவர் அவனுக்கு மஞ்சக் கார்டு காட்டப் போறார். (காட்டினார்.)

வழியில லித்லா டீமுன்னு ஒரு குட்டித் தீவு வரும், 18ல ஆளே குடியில்லாதது அது ஒண்ணு தான், வெறும் ஆடுங்க. உச்சி மேல மட்டும் மேகம் மூடி வச்ச மாதிரி உக்காந்திருந்துச்சு, டீம் பசங்க ஒருத்தனும் தலையத் தூக்கிப் பார்க்கல, பழகிப்போச்சு போல.

கிரவுண்டு செயற்கைப் புல், இந்த மழைக்கும் காத்துக்கும் நிஜப் புல் தாங்காது. பக்கத்துலயே மலைச் சரிவு, அதுல ஆடு மேயுது. பாதிப் பேர் காரை ஓரமா நிறுத்திட்டு ஹீட்டரைப் போட்டுட்டு உள்ள உக்காந்தே பார்க்கிறாங்க, கோல் விழுந்தா ஹாரன். நான் வெளிய நின்னு நடுங்கினேன். பக்கத்துல நின்ன பெரியவர் ஃபிளாஸ்க்ல இருந்து காபி ஊத்திக் கொடுத்துட்டு, மீன் கம்பெனில வேலை பார்க்கிற பையன் எவன், ஸ்கூல் வாத்தியார் எவன்னு ஒவ்வொருத்தனா கை காட்டினார். காத்து எப்படின்னா, கோல்கீப்பர் தூக்கி அடிச்ச பால் நடுக்கோட்டைத் தாண்டாம அவர் பக்கமே திரும்பி வந்துச்சு, யாரும் சிரிக்கல, ஏன்னா அங்க அது சகஜம்.

80 நிமிஷம் வரைக்கும் சமம். அப்ப தான் விருந்தாளி டீம் பெஞ்ச்ல ஒருத்தர் வாட்ச் பார்க்க ஆரம்பிச்சார். கப் மேட்ச் ஆச்சே, சமமா முடிஞ்சா எக்ஸ்ட்ரா டைம், அப்புறம் பெனால்டி, கப்பல் நிக்கிற துறை வேற ஃபியோர்டுக்கு (மலைங்களுக்கு நடுவுல நுழைஞ்ச கடல்) அந்தப் பக்கம். எனக்கும் வயித்துல புளியைக் கரைச்சுச்சு, ரூம் டோர்ஷவ்ன்ல தானே. ஜெயிக்கிறதுக்கு இல்ல, கப்பல் பிடிக்கிறதுக்காகவே அவங்க முட்டி மோதின மாதிரி இருந்துச்சு, கடைசியில கார்னர்ல ஒரு தலை முட்டி கோல். பெரியவர் ஃபிளாஸ்க்கை மூடிட்டு ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், மொழி தெரியலன்னாலும் புரிஞ்சுச்சு.

திரும்பி வர்றப்ப ஜெயிச்சவங்க பாதிப் பேர் சீட்ல நீட்டிப் படுத்துத் தூங்கிட்டாங்க. மஞ்சக் கார்டு வாங்கின பையன் ரெஃப்ரி டேபிள்லயே உக்காந்து ஏதோ வாதாடிட்டு இருந்தான், அவரும் பொறுமையா விளக்கிட்டு இருந்தார், கரை வர்ற வரைக்கும்.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு: முன்னெல்லாம் ஃபைனல் ஆகஸ்ட் செப்டம்பர் பக்கம் இருந்துச்சு, 2020ல இருந்து டிசம்பருக்குத் தள்ளிப் போயிடுச்சு, டோர்ஷவ்ன் தேசிய ஸ்டேடியத்துல. டிசம்பர்ல அங்க வெளிச்சமே அஞ்சு மணி நேரம் தான், நான் போக மாட்டேன். மே மாசம் போங்க, ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், குலுக்கல்ல சுதுரோய் டீமுக்கு சொந்த ஊர் மேட்ச் விழுந்திருக்கான்னு பார்த்துட்டு டிக்கெட் போடுங்க.