கடைசி பீரியட் அனுமதி

அந்த அம்மா கேட்டதில் தப்பில்லை. நான் திருப்பிக் கேட்டதிலும் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பேச்சு மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர் அவர். கொழுந்து சீசன் முடியும்வரை எட்டாம் வகுப்பில் இருக்கும் மகளைக் கடைசி பீரியடுக்கு முன்னால் விட வேண்டும் என்றார். லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) குழாயில் மூன்று மணிக்குத்தான் தண்ணீர் வரும். கொழுந்தை எடை போட்டுவிட்டு அவர் வீடு சேர இருட்டிவிடும். மருந்தடிக்கும், கவாத்து வெட்டும் ஆண்கள் மத்தியானமே திரும்பிவிடுகிறார்கள், அவர் கணவர் உட்பட. அதை நான் கேட்கவில்லை. மகனைப் பற்றித்தான் கேட்டேன்.

"அண்ணன் ஒன்பதாவதுதானே அக்கா? அவனை அனுப்பலாமே."

"அவன் குடத்தோட நின்னா குழாயடியில பொம்பளைங்களே சிரிப்பாங்க டீச்சர்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க வீட்ல சாயங்காலம் யாரு டீச்சர் அடுப்பு பத்த வைக்கிறது?" என்றார்.

குத்திக் காட்டவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நான்தான்" என்றேன். தலையாட்டினார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்களின் பெம்பிளை ஒருமை அமைப்பு ஒன்பது நாள் மூணாறை முடக்கியபோது ரோட்டில் உட்கார்ந்திருந்தவர் இவர். 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே சேர்க்காமல் நடந்த போராட்டம். 232 ரூபாயாக இருந்த தினக்கூலி அடுத்த மாதம் 301 ஆனதற்கு அந்தப் பெண்கள்தான் காரணம். கம்பெனியையும் சங்கத்தையும் எதிர்த்து நின்றவரால் குழாயடிச் சிரிப்பை எதிர்க்க முடியாதா என்று முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், ரோட்டில் அவரோடு ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள். லயத்தில் அவர் மட்டும்தான். படித்து, சம்பளம் வாங்கி, தனி வீட்டில் இருக்கும் நானே எதிர்க்காததை அவரிடம் எப்படி எதிர்பார்ப்பது?

2024இல் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா தேங்காய் துருவும் படம் வந்தபோது ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் பாராட்டினோம். நானும்தான். நல்ல படம், வர வேண்டிய படம். அன்று சாயங்காலமும் என் வீட்டில் நான்தான் தேங்காய் துருவினேன்.

அனுமதி கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. மறுத்தால் கடைசி பீரியடை மட்டும் விடுகிறவள் பள்ளிக்கே வராமல் நின்றுவிடுவாள். அப்படி நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். கடைசி பீரியட் என்னுடைய கணக்கு என்பதால், டைம்டேபிளை மாற்றச் சொல்லிக் கணக்கைக் காலைக்குக் கொண்டுவந்தேன். இதைவிட ஒரு டீச்சர் என்ன செய்ய முடியும்? ஆனால் அவள் சீக்கிரம் போவதற்குத் தோதாகப் பள்ளிக்கூடத்தையே வளைத்துக் கொடுத்தவளும் நான்தானே என்றும் தோன்றுகிறது.

அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் போறேன்னுதான் சொன்னேன் டீச்சர். அம்மாதான் வேணாங்குது" என்றான். பொய் சொல்கிற முகமில்லை. பேசிவிட்டு ஃபுட்பால் பிராக்டிஸுக்கு ஓடினான். தங்கச்சியிடம் கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர், நான் போறேன்" என்கிறாள். அவள் சொல்வதை நான் நம்ப வேண்டுமா, கூடாதா?

கணக்கு காலைக்கு வந்ததும், கடைசி பீரியடுக்கு விளையாட்டு போய்விட்டது. அவள் நன்றாக ஓடுவாள். சப் ஜில்லா ஓட்டத்துக்கு அவள் பெயரைக் கொடுக்கலாமா என்று பி.டி. சார் கேட்கிறார். பயிற்சி அந்த நேரத்தில்தான். அம்மாவிடம் மறுபடி பேச வேண்டும். அடுப்பைப் பற்றி மறுபடி கேட்டால் என்ன சொல்வது என்பதை என் வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுத்தான் போக முடியும். அந்தப் பேச்சை இன்னும் ஆரம்பிக்கவில்லை.